ஓலை, மடிப்பு, தையல்: பர்மாவில் பிள்ளைகளோடு ஒரு புத்தக வகுப்பு

புத்தக வரலாறு என்றதும் பாடநூல்கள் நேரே 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனிக்குப் போய் கூட்டன்பர்கின் அச்சகத்து வாசலில் நின்றுவிடுகின்றன. பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மண்டலேயில் குதோடோ பகோடாவைச் சுற்றி 729 பளிங்குப் பலகைகளில் திரிபிடகம் முழுவதையும் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மிண்டோன் மன்னர் காலத்தில் 1860இல் தொடங்கி 1868இல் முடிந்த வேலை அது. ஒவ்வொரு பலகையும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் எழுத்து. அதுவும் புத்தகம்தான். பக்கம் நகராது, வாசிப்பவர்தான் நகர வேண்டும். மடாலயங்களில் ஓலைக்கட்டுகள் இருக்கின்றன. மடித்து மடித்து அடுக்கிய பரபைக் இருக்கிறது. நம் பக்கம் பனையோலைச் சுவடி இருக்கிறது. இத்தனை வடிவங்களையும் அறிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அட்டை போட்ட நோட்டு ஒன்றுதான் புத்தகம் என்று பிள்ளைகள் நினைக்கும்படி விட்டுவிடுவது நம் சோம்பேறித்தனம்.

வகுப்பை ஒரே ஒரு கேள்வியின் மேல் நிறுத்தலாம்: பக்கங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது? கயிறா, மடிப்பா, தையலா, பசையா? இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு ஆண்டுகளையும் பெயர்களையும் பிறகு சொன்னால் போதும், ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே காலக்கோட்டைச் சுவரில் வரைந்தால் பத்தாவது நிமிடம் கொட்டாவி வரும்.

பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வகுப்புகள் என்பது நல்ல கணக்கு. 11 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கையில் குத்தூசியும் பிளேடும் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு மடிப்பு வேலை மட்டும். காலம் மார்ச் முதல் மே வரை: பள்ளி விடுமுறை, வெயில், எல்லாம் ஒரே நாளில் காயும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஒட்டிய அட்டை மூன்று நாளானாலும் ஈரம் விடாது, பூஞ்சணம் பூக்கும், அளந்து வெட்டிய தாள் உப்பிப்போய் அளவு மாறும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர் என்பதால் இஸ்திரிப்பெட்டி, சூட்டுப் பசைத் துப்பாக்கி எதையும் நம்பித் திட்டம் போடக் கூடாது. கனத்துக்குச் செங்கல், வெட்ட பிளேடு, மடிப்பைத் தேய்க்க ஸ்பூனின் முதுகு. இவை போதும்.

எல்லா வடிவத்துக்கும் ஒரே வாசகத்தை எடுத்துக்கொள்வது முக்கியம். வாசகம் மாறாமல் வடிவம் மட்டும் மாறும்போதுதான் வடிவம் என்ன செய்கிறது என்பது கண்ணில் படும். இதற்கு ஒரு குறளைவிடப் பொருத்தமானது கிடைக்காது. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று, ஆக ஏழு. நான் பரிந்துரைப்பது 392ஆம் குறள்: “எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும் / கண்ணென்ப வாழும் உயிர்க்கு.” எழுத்தைப் பற்றிய குறள் என்பதற்காக மட்டும் இல்லை. இதில் புள்ளி வைத்த எழுத்துகள் ஏராளம், அந்தப் பயன் கொஞ்சம் பின்னால் தெரியும்.

முதலில் ஓலை. யாங்கோனில் பனையோலை சும்மா கிடைக்காது. பகான், மகுவே பக்கத்து வறண்ட நிலத்தில் எங்கும் பனைதான், கருப்பட்டி வியாபாரிகளிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். கூரைக்குப் போடும் நீப்பா ஓலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது சொரசொரப்பு, எழுத ஆகாது. தென்னையோலை ஒடுக்கம், காய்ந்ததும் முறியும். பர்மியச் சுவடிகளுக்குப் பயன்பட்டது பெரும்பாலும் தாளிப்பனை, அதாவது கூந்தற்பனை. பனையோலையைவிட அகலம், மெல்லிசு, வளையும். இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தமிழ்ச் சுவடி ஏன் ஒடுக்கமாக இருக்கிறது, பர்மியச் சுவடியில் எப்படி அதிக வரிகள் பிடிக்கின்றன என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

குருத்தை விட்டு, அதற்கு அடுத்த ஓலைகளை எடுக்க வேண்டும். மிக இளசு என்றால் காயும்போது சுருங்கி அலையலையாகும். முற்றியது என்றால் வெடிக்கும். விரலைச் சுற்றி வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கீறல் விட்டால் ஒதுக்கிவிடலாம். ஈர்க்கை உரித்து, 22 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் தூள் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். பிறகு நிழலில் உலர்த்தல். வெயிலில் போட்டால் குழலாகச் சுருண்டுகொள்ளும், அதை நிமிர்த்துவது நடக்காத காரியம். இரண்டு நாள் உலர்ந்தபின் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துச் செங்கல் ஏற்றி ஒரு வாரம். கடைசியாக வழவழப்பான கூழாங்கல்லால் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். இவ்வளவும் வகுப்புக்கு முன்பே ஆசிரியர் முடித்து வைக்க வேண்டிய வேலை. பிள்ளைகளுக்குக் கொதிக்கும் பாத்திரத்தைக் காட்டினால் போதும்.

துளை போடுவதில்தான் பாதிக் கட்டுகள் கெடுகின்றன. ஒவ்வோர் ஓலையாகக் குத்தினால் எவ்வளவு அளந்தாலும் நேர்கோட்டில் வராது. பத்து ஓலைகளைச் சட்டத்துக்கு நடுவில் இறுக்கிக் கட்டி, இரு முனையிலிருந்தும் ஐந்தரை சென்டிமீட்டர் உள்ளே, கைத்துரப்பணத்தால் ஒரே மூச்சில் 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். கயிறு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. துளையும் கயிறும் ஒரே அளவு என்றால் ஏட்டைத் தள்ளும்போதெல்லாம் கிழியும். ஒரு துளையில் கயிறு, மற்றொன்றில் நாராசம் என்கிற குச்சி. வாசிக்கும்போது நாராசத்தை உருவிவிடுவார்கள். மூங்கில் குச்சியைச் சீவினால் நாராசம் ஆயிற்று. கயிற்றின் நுனி துளைக்குள் உருவிப் போகாமல் இருக்க, ஈர்க்கோடு சேர்ந்த ஓலைத் துண்டைக் கிளிமூக்கு போலக் கத்தரித்து முடிந்துவிடுவது நம் வழக்கம், அதற்குப் பெயரே கிளிமூக்கு. பத்து ஏட்டுக்கு 60 சென்டிமீட்டர் கயிறாவது வேண்டும். கயிற்றில் கஞ்சத்தனம் பிடித்தால் ஏடு புரளாது.

எழுத்தாணிக்குக் கோணி ஊசியை மூங்கில் பிடியில் செருகிக்கொள்ளலாம். முனையைச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக் கொஞ்சம் மழுக்க வேண்டும். கூராக இருந்தால் நாரை அறுத்துவிடும், மழுங்கலாக இருந்தால் கீறல் விழாது. ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியை இடக்கைக் கட்டைவிரலில் அண்டக் கொடுத்து எழுதுவார்கள். கைதேர்ந்தவர்கள் அந்த நகத்தில் ஒரு வெட்டே வைத்திருப்பார்கள். எழுத்தாணி கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும், ஓலைதான் நகரும். பிள்ளைகள் மேசையில் வைத்துப் பேனா பிடிப்பதுபோல் எழுதத்தான் பார்ப்பார்கள். முதல் ஓலையை அப்படியே கெடுக்க விடுங்கள். நாரோடு இணையாக நீளமாக இழுத்த கோடு ஓலையைப் பிளப்பதையும், வளைந்த கோடு தாங்குவதையும் அப்போதுதான் பார்க்க முடியும். பர்மிய எழுத்தின் வட்டங்களைப் பற்றி ஒருவராவது கேட்பார்.

கீறியதும் எழுத்து தெரியாது. விளக்குப் புகையை மண்சட்டியின் அடியில் பிடித்த கரியோடு நல்லெண்ணெய் சில சொட்டு சேர்த்துக் குழைத்துத் தடவி, உடனே தவிட்டால் துடைக்க வேண்டும். கரி கீறலுக்குள் நிற்கும், மேலே இருப்பது போய்விடும். எண்ணெய் கூடினால் ஓலை முழுவதும் கறுக்கும், தாமதித்துத் துடைத்தாலும் அதே கதி. தமிழ்நாட்டில் மையாடல் என்று மஞ்சள், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மாவிலைக் கரியெல்லாம் சேர்த்துச் செய்தார்கள். ஊமத்தை விஷம், வகுப்பில் வேண்டாம். பர்மாவில் ஓலைக்கு மண்ணெண்ணெய் எடுப்பதற்கு முந்தைய கச்சா எண்ணெயையே தடவினார்கள், பூச்சி அண்டாது என்று. ஏனாங்ஜாவுங்கில் கையால் தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இருந்தவை. பிள்ளைகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் போதும், மணமாகவும் இருக்கும்.

இப்போது அந்தக் குறள். சுவடி எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் எகர ஒகரத்தில் வேறுபாடு காட்டுவதில்லை, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். நெடிலுக்கு இன்று நாம் எழுதும் வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தது. அந்தப் பழைய முறையில் எழுதினால் “எணணெனப எனை எழுததெனப இவவிரணடும கணணெனப வரழும உயிரககு” என்று நிற்கும். வகுப்பில் பாதிப்பேருக்குக் குறளை முன்பே சொல்லிக்கொடுத்து, பாதிப்பேருக்குச் சொல்லாமல் இதை வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் தடையில்லாமல் வாசிப்பார்கள், மற்றவர்கள் தவிப்பார்கள். சுவடியை அந்தக் காலத்தில் யார், எப்படி வாசித்தார்கள் என்று அரை மணி நேரம் பேசுவதைவிட இது விரைவாக வேலை செய்யும். யாப்பு தெரிந்தால் எந்த இடத்தில் மெய், எந்த இடத்தில் நெடில் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஏட்டெண்ணும் போட வேண்டும். தமிழ்ச் சுவடியில் ௧, ௨, ௩ என்று இடப்பக்க ஓரத்தில். பர்மியச் சுவடியில் எண்ணுக்குப் பதில் எழுத்து வரிசை: க, கா, கி, கீ என்று பன்னிரண்டு, அது முடிந்தால் அடுத்த மெய்யில் பன்னிரண்டு. பன்னிரண்டு ஏடு ஓர் அங்கம். பர்மியப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரிசை தூக்கத்திலும் வரும். அவர்கள் வகுப்பில் ஆசிரியரைத் திருத்தும் ஒரே இடம் இதுவாக இருக்கும், திருத்தட்டும். பிறகு கட்டை அவிழ்த்துக் கலைத்துக் கொடுத்து, எண் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மடிப்பு. பரபைக் என்பது மல்பெரிப் பட்டைத் தாளை ஒட்டி நீளமாக்கி, விசிறிபோல் முன்னும் பின்னும் மடித்தது. ஷான் மாநிலத்தில் இந்தத் தாள் இன்றும் செய்கிறார்கள். பிண்டாயாவில் குடை செய்யும் பட்டறைகளில் பட்டையைச் சாம்பல் நீரில் வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் சட்டத்தில் ஊற்றிப் பரப்பி, சட்டத்தோடு வெயிலில் வைத்துவிடுகிறார்கள். பரபைக்கில் இரண்டு சாதி: வெள்ளையில் அரண்மனைக் காட்சி, ஜாதகக் கதை ஓவியம். கறுப்பில் கணக்கு, குறிப்பு, பாடம். கறுப்பு, அழித்து அழித்து எழுதுவதற்கு.

இரண்டு மடிப்புக்கு நடுவே வரும் ஒரு முகத்தைப் பலகம் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பலகம் வரும் மடிப்புக்கு 72 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம் உள்ள தாள் வேண்டும். ஒன்பது சென்டிமீட்டருக்கு ஒன்றாக அளந்து அளந்து மடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கடைசிப் பலகம் முக்கால் சென்டிமீட்டர் வெளியே நிற்கும். ஸ்கேலைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். நம்முடைய பழைய பின்னக் கணக்கே போதும். முதலில் அரை: ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து விரிக்கவும். பிறகு கால்: இரு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து விரிக்கவும். இந்த மூன்று மடிப்பும் ஒரே திசையில், பள்ளமாக இருக்க வேண்டும். இப்போது தாளைத் திருப்பிப் போட்டு அரைக்கால் மடிப்புகள் நான்கையும் எதிர்த்திசையில் போடவும். அரையும் காலும் பள்ளம், அரைக்கால் எல்லாம் மேடு. இதை வாய்ப்பாடாகச் சொல்ல வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் தவறாது. சிக்கல் வந்தால் ஏதோ ஒரு கால் மடிப்பு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம், வேறு காரணம் இருக்காது.

இயந்திரத் தாள் என்றால் நார் ஓடும் திசையைப் பார்த்தாக வேண்டும். தாளை மடிக்காமல் வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எந்தப் பக்கம் வளைத்தால் தடை குறைவோ மடிப்புக்கோடு அந்த வாக்கில் விழ வேண்டும். எதிராக மடித்தால் மடிப்பின் மேல் வெடிப்பு ஓடும், புத்தகம் வாயைத் திறந்துகொண்டே நிற்கும். கைத்தாளில் இந்தத் தொல்லை அவ்வளவு கிடையாது.

கறுப்புப் பரபைக்குக்கு அடுப்புக்கரியை இடித்து மெல்லிய துணியில் சலித்து, இரண்டு மேசைக்கரண்டிக்கு அரைக் கோப்பை மெல்லிய அரிசிக் கஞ்சி சேர்த்துப் பூச வேண்டும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. மடிப்புகளை முதலில் போட்டுவிட்டு, விரித்துவைத்துப் பூசவும். பூசிய பின் மடித்தால் கறுப்பு உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் சுருண்டுகொள்ளும், இரண்டு பக்கமும் பூசினால் இழுவை சமமாகும். கஞ்சி தடித்தால் செதிலாக உரியும், மெலிந்தால் கரி கையில் ஒட்டும். எழுத அந்தக் காலத்தில் மாக்கல் குச்சி. இப்போது சிலேட்டுக் குச்சி.

இந்த எட்டுப் பலகத்தில் முதல் பலகம் அதிகாரப் பெயருக்கு, மீதி ஏழும் ஏழு சீருக்கு. கணக்கு கச்சிதமாக அமைகிறது. பிள்ளைகள் எழுதி முடித்ததும் இரண்டு விதமாக வாசிக்கச் சொல்லுங்கள்: முழுவதும் விரித்து ஒரே பார்வையில் ஒரு முறை, பலகம் பலகமாகத் திருப்பி ஒரு முறை. “இவ்விரண்டும்” என்ற இடத்தில் நின்று, எந்த இரண்டும் என்று திரும்பிப் பார்க்கப் பின்பலகம் போக வேண்டியிருக்கிறது. விரித்து வைத்தால் அந்த ஏக்கம் இல்லை. ஓலையில் முழுக் குறளும் ஒரே ஏட்டில் இருந்தது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கலைநூல் என்று நான் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது. ஓவியர் ஒரு புத்தகத்தையே தன் படைப்பாக எடுத்து, தாள், மடிப்பு, திருப்பம் எல்லாவற்றையும் பேச வைப்பது. ஆர்ட்டிஸ்ட்ஸ் புக் என்று உலகத்தில் வழங்குவது அதைத்தான்.

தையலுக்கு அதிக நேரம் வேண்டாம். ஐந்து தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 20 பக்கம். 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் ஒவ்வொன்று. விரித்த தாளை வி வடிவில் மடித்த கெட்டி அட்டையில் உட்கார வைத்து, மடிப்புக்கோட்டின் மேலேயே குத்தவும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தத் தாள் பிறகு கிழிந்து வரும். நூல் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு, மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்தால் முடிச்சு விழாது. உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. இரு நுனிகளும் நீள நூலின் இரு பக்கமும் வருமாறு பார்த்துக்கொண்டு முடிச்சு. நூலை இறுக்கும்போது மடிப்பின் வாக்கிலேயே இழுக்க வேண்டும். தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் நூலே கத்தியாகிவிடும். உள்தாள்கள் வெளித்தாள்களைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தங்கள் தவறு என்று நினைப்பார்கள். தாளின் தடிமன் சேர்ந்ததால் வருவது அது. தைத்த பிறகு சேர்த்து வெட்டினால் சரி, முன்பே வெட்டினால் வீண்.

அட்டை ஒட்டுவதற்கு மைதாப் பசை: ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் பத்து நிமிடம். ஏப்ரல் வெக்கையில் மறுநாளே புளித்துவிடும், ஆகவே அன்றைக்கு வேண்டியது அன்றைக்கு. பழைய பைண்டர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது. படிகாரம் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அது அமிலம், சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அந்தப் பக்கமே வளையும், உள்பக்கமும் ஒட்டினால்தான் நிமிரும். செய்தித்தாளை நடுவில் வைத்து அழுத்தாதீர்கள், ஈரத்தில் அதன் மை இறங்கிவிடும். வெள்ளைத் தாள் வைத்து ஒரு மணி நேரத்தில் மாற்றவும்.

அச்சுக்கு வருவோம். எழுத்தச்சுக் கூடத்தைக் காட்ட முடியாவிட்டாலும் அச்சகத்தாரின் தலைவலியை ஒரே தாளில் காட்டலாம். ஒரு தாளைப் படுக்கையாக வைத்து எட்டாக மடித்து விரியுங்கள். நான்கு பத்தி, இரண்டு வரிசை. கிடைமட்ட நடுக்கோட்டை, நடு இரண்டு பத்திகளின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார், தையலும் பசையும் இல்லாமல். எழுதுவதற்கு முன்பே பக்க எண் போட வேண்டும்: மேல்வரிசையில் தலைகீழாக, இடமிருந்து 5, 4, 3, 2. கீழ்வரிசையில் நேராக 6, 7, 8, 1. விடையைச் சொல்லாமல், வெற்றுத் தாளை மடித்து எண் போட்டு, பிரித்துப் பார்க்க வையுங்கள். பக்கங்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது புரிந்த பிள்ளைக்கு, 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கம் என்று சொன்னால், ஒரு தாளை மூன்று முறை மடித்தாலும் 16 பக்கம்தானே என்று அதுவே கணக்குப் போடும். அதோடு சேர்த்து இந்த மண்ணின் ஆண்டுகளையும் சொல்லிவிடலாம். பர்மிய எழுத்து முதலில் அச்சானது 1776இல், ரோமில். இரங்கூனுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1816இல், செராம்பூரிலிருந்து, பாப்டிஸ்ட் மிஷனரி ஜார்ஜ் ஹஃப் கொண்டுவந்தது. அமெரிக்க மிஷனரி ஜட்சனின் பர்மிய பைபிளின் திருத்திய பதிப்பு மோல்மேனில் 1840இல் அச்சேறியது. மண்டலேயில் மிண்டோன் மன்னரின் ஆதரவில் யதனாபோன் செய்தித்தாள் 1874இல். பளிங்கில் வெட்டியவரும் செய்தித்தாள் நடத்தியவரும் ஒரே மன்னர் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசி இரண்டு வகுப்பும் கலைநூலுக்கு. இங்கேதான் பெரும்பாலான ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். ஜிகினா, லேஸ், பொத்தான், காய்ந்த பூ என்று மேசையில் கொட்டிவிடுகிறார்கள், கிடைப்பது அலங்கார ஆல்பம். ஒரே சோதனை வையுங்கள்: இதே எழுத்தையும் படத்தையும் சாதாரண நோட்டில் வரிசையாக எழுதினால் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் வடிவம் இன்னும் வேலை செய்யவில்லை. பார்ப்பதற்கு ஒரு மாதிரி வேண்டும் என்றால், புத்த பிக்குகளின் சடங்கு வாசகங்களை எழுதிய கம்மவாசாச் சுவடியைக் காட்டுங்கள். துணியை அரக்கால் கெட்டியாக்கி, பொன்னும் சிவப்புமான தளத்தில் கறுப்பு அரக்கால் தடித்த எழுத்து. புளியங்கொட்டை எழுத்து என்பது அதற்குப் பர்மாவில் வழங்கும் பெயர். ஓலையிலிருந்து அரக்குக்கு மாறியதும் வட்ட எழுத்து சதுரித்து நிற்பதைப் படத்திலேயே பார்க்கலாம். அதைச் செய்து பார்க்கும் ஆசையில் தித்சி அரக்கை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பச்சை அரக்கு தோலில் பட்டால் பலருக்குக் கொப்புளம் வரும். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய காடாத் துணியும் போஸ்டர் வண்ணமும் போதும்.

எல்லாப் பிள்ளைக்கும் கைவரும் பயிற்சி ஒன்று தெருப் புத்தகம். அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1966இல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலையில் இருந்த கட்டடம் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, ஏழரை மீட்டர் நீளமுள்ள மடிப்புத் தாளில் ஒரு பக்கத்து வரிசையை மேலேயும் எதிர் வரிசையைக் கீழே தலைகீழாகவும் அச்சிட்டார். யாங்கோன் நகர மையத்தின் எண் தெருக்கள் இதற்கென்றே போட்டதுபோல் நேராக இருக்கின்றன. காளியம்மன் கோயில் இருக்கும் அனவ்ரத்தா சாலையில் ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை எடுத்துக்கொள்ளலாம். சாலையின் ஒரு பக்கத்துக்கு 20 கடை என்றால் கடைக்கு நாலரை சென்டிமீட்டர், பலகத்துக்கு இரண்டு கடை, பத்துப் பலகம், 90 சென்டிமீட்டர். புகைப்படம் வேண்டாம், நின்று வரையட்டும். அரசுக் கட்டடம், சாவடி பக்கம் கேமராவோடு பிள்ளைகள் நிற்பது நல்லதும் இல்லை. கடைப் பலகைகளை எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்திலேயே எழுத வேண்டும். பத்துப் பலகத்துக்கு அரை, கால் கணக்கு வராது என்பதால், எட்டு ஒரு தாளிலும் இரண்டு ஒரு தாளிலும் மடித்து ஒட்ட வேண்டியிருக்கும். எட்டாவது பலகத்துக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் காது விட்டு, அடுத்த தாளின் முதல் பலகத்தை அதன் மேல் ஒட்டவும், ஓரம் சரியாக மடிப்புக்கோட்டில் உட்காரும்படி. காதை அகலமாக விட்டால் அந்தப் பலகம் மட்டும் விறைத்துக்கொண்டு புத்தகம் கோணும்.

கொஞ்சம் துணிந்த பிள்ளைகளுக்குக் கறுப்புப் பரபைக்கையே கொடுத்துவிடலாம்: அழிப்பதை வாசிப்பின் பகுதியாக வைத்து ஒரு புத்தகம் செய் என்று. வாசிப்பவர் ஒரு சொல்லை அழித்துத் தன் சொல்லை எழுதித்தான் அடுத்த பலகத்துக்குப் போக முடியும் என்பது ஒரு வழி. இதற்கு மேல் ஆசிரியர் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் பன்னிரண்டும் ஒரே மாதிரி வரும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் கட்டும் நாடா ஒன்று. பர்மியச் சுவடிகளைச் சுற்றிக் கட்டும் சாசீஜோ நாடாவில் கொடையாளியின் பெயரையும் வேண்டுதலையும் எழுத்தாகவே நெய்திருப்பார்கள், சில மீட்டர் நீளம் வரும். நெசவுக்கு நேரம் இல்லை, இரண்டு சென்டிமீட்டர் அகல பருத்தி நாடாவில் துணிப் பேனாவால் எழுதலாம். மை பரவாமல் இருக்க நாடாவை முதலில் கஞ்சியில் தோய்த்து உலர்த்த வேண்டும். அதில் வரவேண்டியது: செய்தவர் பெயர், ஊர், நாள், என்ன தாள், என்ன பசை, எத்தனை படிகள். நம் சுவடிகளின் முடிவில் எழுதியவர் “குரு வாழ்க குருவே துணை” என்று எழுதுவாரே, விரும்பினால் அதையும் சேர்க்கலாம். மூன்று படி செய்யச் சொல்வது நல்லது: ஒன்று வீட்டுக்கு, ஒன்று வகுப்புக்கு, ஒன்று இன்னொரு பிள்ளையோடு மாற்றிக்கொள்ள. வகுப்புப் படிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள், மழைக்காலத்தில் உள்ளே வியர்த்துவிடும். துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில், மாதம் ஒருமுறை எடுத்து விரித்துக் காற்றாட வைத்தால் போதும். மைதாப் பசையைக் கரப்பான் தின்னும், ஆகவே அலமாரியில் டீயும் பிஸ்கட்டும் வைக்க இடம் இல்லை.